மலையம்மாள் வீட்டு வெளிச்சம்

மலையம்மாள் அக்கா எந்த மூட்டையையும் மேலாகப் பார்த்து ஒப்புக்கொண்டதில்லை. சிம்மக்கல்லில் அவர் வேலை பார்க்கும் பருப்பு மொத்தக் கடையில் லாரி வந்து நின்றதும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குத்தூசியை மூட்டையின் நடுவயிற்றில் இறக்குவார். குத்தூசி என்பது நடுவில் பள்ளம் விழுந்த கூரான இரும்பு. உள்ளே இருக்கும் பருப்பு அதன் வழியாக வழிந்து உள்ளங்கையில் வந்து விழும். மேலே இருக்கிற பருப்பு நாம் பார்ப்பதற்கென்று போட்டது, நடுவில் இருப்பதுதான் அவர்கள் விற்பது என்பார். முதலாளி அவரை வேலையில் வைத்திருப்பதே அந்தக் கைக்காகத்தான்.

கடையில் அது வேலை. வீட்டில் அதுவே குணம். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கி ஆட்டிப் பார்ப்பார். பூக்காரி முழம் போடும்போது பூவைப் பார்க்க மாட்டார், அவள் முழங்கை எங்கே மடங்குகிறது என்று பார்ப்பார். பழங்காநத்தத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டின் மாடிக்கு நாங்கள் வாடகைக்கு வந்த அன்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி மோட்டார யாரு போடுறது, யாரு அமத்துறது?" என்பதுதான். என் பெயரை அடுத்த வாரம்தான் கேட்டார். சொன்ன பிறகு, "அதுதான் முழுப் பேரா?" என்றார்.

அவர் கணவர் சிவபாண்டி அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மனைவியைப் பற்றிப் பேசும்போது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியாது. "எங்க வீட்டுக்கு கேமரா வேண்டியதில்ல பாப்பா. கல்யாணத்தப்பவே சீரோட சேத்துக் குடுத்து விட்டுட்டாங்க."

இந்தச் சந்தேகம் எங்கே தொடங்கியது என்று ஒருமுறை கேட்டேன். அக்கா யோசிக்கவே இல்லை. டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். கூலியைத் தானியமாக அளந்து கொடுத்த காலம். அளக்கிறவர் படிக்குள் கட்டைவிரலை விட்டு அளப்பாராம். விரலின் இடத்துக்குத் தானியம் குறையும். எல்லாரும் படியின் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் விரலைப் பார்த்தாராம். அப்போது இவருக்கு ஏழெட்டு வயது. விரலை எடுக்கச் சொல்லிக் கேட்டதற்கு வீட்டில்தான் அடி விழுந்தது.

"அன்னைக்கு அடிச்சாங்க. ஆனா மறுநாள் விரல வெளிய எடுத்துட்டுத்தான் அளந்தாரு," என்றார்.

கீரை விஷயம் போன வருடத் தொடக்கத்தில் வந்தது. காலையில் தெருவுக்கு மொபெட்டில் கீரை கொண்டுவருகிற ஒருவரிடம்தான் எல்லாரும் வாங்கினோம். கீரை அளவுக்கு மீறித் தளதளவென்று இருந்தது. அந்தத் தளதளப்பே அக்காவுக்குச் சந்தேகமாகப் பட்டது. ஒருநாள் கணவரின் லோடு ஆட்டோவில் ஏறி, அந்த மொபெட்டின் பின்னாலேயே போய்விட்டார். ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் வண்டி நின்றது. சாக்கடை கலந்த வாய்க்கால் தண்ணீர் பாத்திக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்த அக்கா தெருவில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால், நீ எதற்கு அங்கே போனாய் என்று கேட்பார்கள். ஆனால் அன்றிலிருந்து அவர் வீட்டில் கீரை இல்லை. சிவபாண்டி அண்ணன் எங்கள் வீட்டில் வந்து, "கொஞ்சம் அகத்திக்கீரை இருந்தாக் குடும்மா, நாக்கு செத்துப்போச்சு," என்று கேட்கும் நிலை வந்தது.

பிறகு ஒரு மாலையில் அக்கா மாடிக்கு ஏறி வந்தார். கையில் ஒரு பார்சல் பெட்டி இருந்தது. கைப்பேசியில் யாரோ மண்ணில்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்ப்பதைப் பார்த்து, முழுதாக நம்பாமலே வரவழைத்திருந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டி, துளை போட்ட மூடி, வலைபோன்ற சின்னச் சின்னக் கப்புகள், தேங்காய் நார்த்தூள், காற்றுக் குமிழ் விடும் மீன்தொட்டி மோட்டார், நீளமான ஒரு விளக்கு, ஏ என்றும் பி என்றும் எழுதிய இரண்டு பாட்டில் சத்துநீர் எல்லாம் இருந்தன. குறிப்புத்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழில் படித்துச் சொன்னேன்.

"ஏ பாட்டிலையும் பி பாட்டிலையும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது. தனித்தனியாகத் தண்ணீரில் ஊற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது அக்கா."

"சேக்கக் கூடாதுன்னா எதுக்கு ஒரே பெட்டியில போட்டு விக்கிறான்?"

காரணம் தாளில் இல்லை. சேர்த்தால் சத்து கெட்டியாகி அடியில் படிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"இது தாள்ல இருக்கா, நீயாச் சொல்றியா?"

"நானாகச் சொல்கிறேன்."

"அப்ப தாள்ல இருக்கத மட்டும் சொல்லு," என்றார். போகும்போது, இரண்டு வரியை நான் விட்டுவிட்டேனோ என்று தாளை வாங்கித் தன் விரலால் வரிகளை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

மொட்டைமாடியில் வைக்கலாம் என்றேன். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். மொட்டைமாடிச் சாவி எங்களிடமும் இருந்தது. தண்ணீரில் யாராவது எதையாவது கலந்துவிட்டால் செடிக்குத்தான் தெரியும் என்றார். யார் கலப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. தொட்டி அவர் வீட்டின் நடு அறைக்குள் போனது.

முதல் தடவை போட்ட பாலக்கீரை ஓரங்கள் கருகி மடிந்தது. விதையில் மோசடி என்றார். பெட்டியோடு வந்த பேனா மாதிரியான மீட்டர் அப்போதுதான் வெளியே வந்தது. தண்ணீரில் நுனியை முக்கினால் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று எண் காட்டும். எங்கள் போர்த் தண்ணீரில் முக்கியபோது வந்த எண்ணைப் பார்த்து அக்கா விதைமேல் வைத்த பழியை எடுத்துக்கொண்டார். குழாயில் வரும் மாநகராட்சித் தண்ணீருக்கு மாறினார். ஆனால் மீட்டரை அவர் கீழே வைக்கவில்லை. அவர் குணத்துக்கென்றே யாரோ செய்து அனுப்பிய கருவிபோல அது அவருக்கு அமைந்துவிட்டது. கேன் தண்ணீரில் முக்கினார். ரசத்தில் முக்கினார். கோயில் தீர்த்தத்தில் முக்கப் போனவரை சிவபாண்டி அண்ணன் கையைப் பிடித்து இழுத்து வந்தார். கேன் தண்ணீர் போடுகிற தம்பி அதற்குப் பிறகு கேனை வாசலில் இறக்கிவிட்டு நிற்காமல் போக ஆரம்பித்தான்.

இரண்டாம் தடவை, தொட்டித் தண்ணீர் முழுவதும் பச்சைப் பாசி. தொட்டி வெள்ளை பிளாஸ்டிக். வெளிச்சம் உள்ளே ஊடுருவி, சத்துநீரில் பாசி பிடித்திருக்கிறது. தாளிலேயே எழுதியிருந்தது. படித்துக் காட்டினேன். கறுப்புத் தாள் வாங்கித் தொட்டியைச் சுற்றி ஒட்டினார். "வெளிச்சம் பட்டாப் பச்சை புடிச்சிரும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் தடவை வளர்ந்தது. பாலக், புதினா, கொஞ்சம் கொத்தமல்லி. இரண்டாவது தொட்டி, மூன்றாவது தொட்டி என்று ஓர் இரும்பு அடுக்கே நிறைந்தது. அப்போதுதான் அவர் என்னை நடு அறைக்குள் விட்டார். மூடியோடு ஒரு செடியைத் தூக்கிக் காட்டினார். வேர்கள் வெள்ளை வெளேரென்று நூல் நூலாகத் தொங்கின.

"இதுதான் பாப்பா எங்கிட்ட எதையும் ஒளிக்காதது. எப்பத் தூக்கினாலும் அடி தெரியுது," என்றார். அவர் முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை.

அடுக்கைப் பற்றித் தெருவில் யாருக்கும் தெரியாது. விளக்கு இருட்டில் எரிந்தால் சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியாக ஊதா வெளிச்சம் தெரியும், ஆளாளுக்குக் கேட்பார்கள் என்று, அதற்கு ஒரு டைமர் பொருத்தினார். அவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு விளக்கு தானாக எரியும். அவர் வீடு திரும்புவதற்குள் அணைந்துவிடும். பகலில் வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. அவருமே அது எரிந்து பார்த்த நாட்கள் குறைவு.

புரட்டாசியில் எங்கள் தெருக் காளியம்மனுக்குப் பொங்கல். பொங்கலுக்கு முளைப்பாரி எடுப்பது வழக்கம். நவதானியங்களை எருவும் வைக்கோலும் நிரப்பிய மண்சட்டிகளில் பரப்பி, இருட்டறையில் வைத்து வளர்ப்பார்கள். ஆண்கள் அந்த அறைக்குள் போகக் கூடாது. விரதம் இருக்கும் இரண்டு பெண்கள் மட்டும், விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும், சின்ன அகல்விளக்கோடு போய்த் தண்ணீர் தெளிப்பார்கள். வெளிச்சமே படாமல் வளர்வதால் முளைகள் தாழம்பூ நிறத்தில் நெட்டையாக எழும்பி நிற்கும். அந்த நிறம்தான் முக்கியம். பச்சையாகிவிட்டால் யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள், காவல் தவறிவிட்டது என்று பொருள். தெருவுக்கே அது ஆகாது.

போன வருடம் கோயிலில் திருப்பணி நடந்தது. முளைப்பாரி அறையை இடித்துவிட்டார்கள். யார் வீட்டில் வைப்பது என்று பேச்சு வந்தபோது, விழாப் பொறுப்பில் இருந்த மொக்கையன்தான் சொன்னார்: "மலையம்மா வீட்டுல வைங்கப்பா. அவ வீட்டுக்குள்ள காத்தே கேட்டுக்கிட்டுத்தான் போகும்."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அன்று மாலை மாடிக்கு வந்து கதவோரமாக நின்றார்.

"இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்து இருபது வருசம் ஆச்சு பாப்பா. ஒரு கோலம்கூட என்னையப் போடச் சொன்னதில்ல. வாய் சரியில்லன்னு ஒதுக்கி வச்சிருந்தாக. இப்பத்தான் நம்பிக் குடுத்துருக்காக." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "இதுல ஒரு தப்பு நடந்தா, அப்புறம் இந்தத் தெருவுல நான் வாயத் தொறக்க முடியாது."

"கீரை அடுக்கைப் பற்றிச் சொல்லிவிடலாமே அக்கா?"

"சொல்லவா? மருந்துத் தண்ணி வச்சிருக்க வீட்டுலயா அம்மன் பாரின்னு வேற வீட்டுக்குக் கொண்டுபோயிருவாக. நீயும் சொல்லிறாத."

அவர் வீட்டில் ஒரு சாமான் அறை உண்டு. வீட்டுக்குள்ளிருந்து அதற்கு வழியில்லை. பக்கத்து முடுக்குச் சந்திலிருந்துதான் கதவு. ஜன்னலும் கிடையாது. முளைப்பாரிக்கு அளவெடுத்துக் கட்டியதுபோல இருந்தது. அக்கா அதை மேலும் அடைத்தார். கதவிடுக்குகளில் துணியைத் திணித்தார். சாவித் துளைக்குள் பஞ்சை அடைத்தார். கதவின் அடியில் சாக்கைச் சுருட்டி வைத்தார். வெளியிலிருந்து ஒரு கண் நுழையக்கூடிய இடம் எதுவும் மிச்சமில்லை. நடு அறைச் சுவரில் கூரைக்குக் கீழே ஒரு சிமெண்ட் வென்டிலேட்டர் இருந்தது. அதைத் தொடவில்லை. அந்தப் பக்கம் எப்போதும் ஜன்னல் சாத்திக் கிடக்கும் அவர் வீடுதானே.

காவலுக்கு இரண்டு பெண்கள் வேண்டும், ஆளுக்கொரு சாவி என்பது வழக்கம். இன்னொரு சாவி எதிர்வீட்டு முத்துமீனாவிடம் போனது. முத்துமீனா சிவபாண்டி அண்ணனின் தங்கை. வாசலில் உட்கார்ந்து நாள் முழுவதும் மல்லிகை கட்டி விற்கிறவர். கல்யாணமான வருடத்திலிருந்து ஒரு வருடம்கூடத் தவறாமல் முளைப்பாரி எடுத்தவர். மலையம்மாள் அக்கா கூடுமான வரை நம்பிய ஒரே ஆள் என்றால் இவர்தான். அதுவும் சாவியைக் கையில் கொடுக்கும் வரைக்கும். கொடுத்த அன்றிலிருந்தே, தண்ணீர் தெளித்துப் பூட்டும்போதெல்லாம் கதவின் கொண்டியில் ஒரு கறுப்பு நூலைக் கட்டி, அதற்கு ஒரு தனி முடிச்சும் போட்டார். யாராவது திறந்தால் நூல் அறுந்துவிடும்.

முதல் நாட்கள் நன்றாகப் போயின. தட்டாம்பயறும் பாசிப்பயறும் வைக்கோலை விலக்கி எட்டிப் பார்த்தன. மாலையில் முடுக்கில் விளக்கு வைத்துப் பெண்கள் கும்மி தட்டினார்கள். அக்கா கும்மி தட்டிக்கொண்டே கதவைப் பார்ப்பார்.

ஐந்தாம் நாள் மாலை அகல்விளக்கோடு உள்ளே போன முத்துமீனா, "மதினி, இங்கிட்டு என்ன ஒரு மாதிரி பச்சையா இருக்கு?" என்றார்.

அக்கா குனிந்து பார்த்தார். சட்டிகளின் ஒரு பக்கம் வெளிர் மஞ்சள். இன்னொரு பக்கம், இளம் வாழைக்குருத்தின் பச்சை.

"வெளக்கு வெளிச்சத்துல அப்படித் தெரியுதோ?"

"வெளக்க மாத்திப் பிடிச்சேன் மதினி. பச்சைதான்."

மறுநாள் பச்சை இன்னும் கூடியது. நூல் அறுபடவில்லை. அக்கா கட்டிய அதே முடிச்சு அப்படியே இருந்தது. வேறு யாராக இருந்தாலும், கதவு திறக்கப்படவில்லை என்று அதோடு விட்டிருப்பார்கள். அக்கா அந்த முடிச்சையே யோசித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறார். முடிச்சை அவிழ்த்து, அதே மாதிரி மறுபடி போடத் தெரிந்தவர் யார்? தெருவில் நாள் முழுவதும் நூலில் முடிச்சுப் போடுகிறவர் ஒரே ஒருவர்தான். மேலும், பச்சையை முதலில் கண்டுபிடித்தது யார்? தேடினால்தானே கிடைக்கும். தெரிந்தால்தானே தேடுவார்கள்.

பொங்கலுக்கு முந்தின நாள் மாலை, கும்மிக்குப் பெண்கள் கூடியிருந்தபோது அக்கா கேட்டுவிட்டார்.

"முத்து, பகல்ல கதவத் திறந்தியா?"

"நான் எதுக்குத் திறக்கப் போறேன்?"

"ஒங்கிட்டயும் ஒரு சாவி இருக்குல்ல."

"ஒங்ககிட்டயும்தான் இருக்கு."

"நான் பகல் பூரா சிம்மக்கல்லுல இருக்கேன். நீ எதுக்கவே உக்காந்திருக்க."

முத்துமீனா கையில் இருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்தார். "என்னயத்தான் சொல்றீங்களா மதினி? நேராச் சொல்லுங்க."

"நூலு அப்படியே இருக்கு. அப்படி முடிச்சுப் போட இந்தத் தெருவுல யாருக்கு வரும்?"

கும்மி நின்றுவிட்டது. பெண்களில் யாரோ, "பச்சையாவா போச்சு?" என்று மெல்லக் கேட்டார். அதுவரை அது அவர்களுக்குத் தெரியாது. செய்தி மொக்கையனுக்குப் போனது. அவர் முடுக்கின் முனையில் நின்றபடியே விசாரித்தார், உள்ளே வரக்கூடாதே. கடைசியில், "நாளைக்குப் பொங்கல் வச்ச பிறகு பேசுவோம். காவலுக்கு நின்ன ரெண்டு பேருல யாரு மேல தப்போ அவங்க இந்த வருசம் பாரி எடுக்க வேணாம்," என்றார்.

"அப்ப சாவியக் குடுத்துரு முத்து," என்றார் அக்கா.

"தர மாட்டேன். தந்தா நான் ஒத்துக்கிட்டதா ஆயிரும்," என்று சொல்லிவிட்டு முத்துமீனா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் நடந்ததில் பாதியை நான் பார்த்தேன். மீதியை அக்காவே பிறகு சொன்னார்.

அன்று அவர் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டார். ஆனால் வழக்கம்போலச் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பி, தெருமுனை வரை போய், பின்பக்கமாகச் சுற்றி முடுக்குக்கு வந்தார். சாமான் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, கணவரை வெளியிலிருந்து பூட்டச் சொன்னார். முத்துமீனா பகலில் வந்து திறந்தால் கையும் சாவியுமாகப் பிடித்துவிடலாம்.

"எந் தங்கச்சியப் புடிக்க என்னையே பூட்டச் சொல்றியா?"

"பேசாமப் பூட்டுங்க. நூலையும் கட்டுங்க."

"உள்ள பாம்பு கீம்பு வந்தா என்ன பண்ணுவ?"

"வந்தா எதுக்கு வந்துச்சுன்னு பதில் சொல்லிட்டுப் போகட்டும்."

சிவபாண்டி அண்ணன் பூட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு திருமங்கலத்துக்கு லோடு எடுக்கப் போய்விட்டார்.

அக்கா இருட்டில் உட்கார்ந்திருந்தார். ஈர வைக்கோலும் எருவும் சேர்ந்த வாடை. சுவருக்கு அப்பால் அவருடைய கீரைத் தொட்டிகளின் மோட்டார் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் முடுக்கில் காலடி. கதவுக்கு நேராக வந்து நின்றது. வளையல் சத்தத்திலேயே முத்துமீனா என்று தெரிந்துவிட்டது. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டார்.

சாவி திரும்பவில்லை. நெற்றி கதவில் படும் சின்னச் சத்தம் கேட்டது.

"ஆத்தா, நான் திறக்கலன்னு ஒனக்குத் தெரியும்ல. அது போதும்," என்று முத்துமீனாவின் குரல் சொன்னது. காலடி திரும்பிப் போனது.

இதைக் கேட்டுவிட்டு அக்காவுக்கு என்ன தோன்றியது என்று நினைக்கிறீர்கள்? நான் உள்ளே இருப்பது இவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் வந்து பேசிவிட்டுப் போகிறாள் என்று தோன்றியதாம். என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் சுவருக்கு அப்பால் 'டக்' என்று ஒரு சத்தம். டைமர். வென்டிலேட்டரின் துளைகள் வழியாக ஊதாவும் வெள்ளையுமாக வெளிச்சம் இறங்கி, எதிரில் இருந்த சட்டிகளின்மேல் பட்டை பட்டையாக விழுந்தது. அகல்விளக்கில் தெரியாத ஒன்று அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. அத்தனை முளைகளும் ஒரே பக்கமாகத் தலை சாய்த்திருந்தன. கதவுப் பக்கம் அல்ல. வென்டிலேட்டரைப் பார்த்து, அக்காவின் வீட்டைப் பார்த்து.

வெளிச்சம் பட்டால் பச்சை பிடித்துவிடும். தொட்டிக்குக் கறுப்புத் தாள் ஒட்டியவர் அவர்தான்.

எழுந்து சேலையால் மூடப் பார்த்தார். வென்டிலேட்டர் எட்டவில்லை. வெளியே போய் விளக்கை அணைக்க வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டும். ஒரு சாவி திருமங்கலத்தில் இருந்தது. இன்னொன்று எதிர்வீட்டில்.

எவ்வளவு நேரம் யோசித்தார் என்று அவர் சொல்லவில்லை. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கீழே, "முத்து, ஏ முத்து," என்று அடைத்த குரல் கேட்டது. முத்துமீனா பூக்கூடையை வைத்துவிட்டு முடுக்குக்கு வந்தார்.

"யாரு உள்ள?"

"நான்தான். கதவத் திற."

முத்துமீனா பூட்டையும் நூலையும் பார்த்தார். பிறகு, "பகல்ல திறக்கக் கூடாதுன்னு சொன்னீங்கள்ல," என்றார்.

"இப்பத் திறடி. நான் சொல்றேன்ல."

"திறப்பேன். சாயந்தரம் நாந்தான் திறந்தேன்னு மொக்கையண்ணன்கிட்ட நீங்க சொல்றதுக்கா? நல்லா வச்சீங்க மதினி பொறி."

"பொறி இல்ல முத்து. சத்தியமா."

"ஒங்க சத்தியத்த நீங்களே நம்ப மாட்டீங்க." முத்துமீனா மேலே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏம்மா, கீழ வா. நீ சாட்சி. நாலு பேரு வந்தாத்தான் நான் கதவத் தொடுவேன்."

அவர் சொன்னபடியே நடந்தது. பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி அக்கா வந்தார். இன்னும் மூன்று பெண்கள் வந்தார்கள். வெளிச்சம் உள்ளே போகாமல் இருக்க, கதவுக்கு வெளியே ஒரு கறுப்புக் கம்பளியை நாங்கள் பிடித்துக்கொண்டோம். முத்துமீனா முதலில் நூலை எல்லாருக்கும் காட்டினார். "பாத்துக்கங்க, முடிச்சு அப்படியே இருக்கு." பிறகு பல்லால் கடித்து அறுத்தார். பூட்டைத் திறந்தார்.

கம்பளிக்குள் நுழைந்தபோது உள்ளே இருட்டாக இருக்கும் என்றுதான் நினைத்தோம். சட்டிகள்மேல் ஊதா வெளிச்சம் வழிந்துகொண்டிருந்தது. மலையம்மாள் அக்கா முளைகளின் நடுவே, வேர்வையில் நனைந்து, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆத்தாடி, இது என்ன வெளிச்சம்?" என்றார் செல்லக்கிளி அக்கா.

மலையம்மாள் அக்காவுக்கு ஏதாவது சொல்லித் தப்பிக்க வழி இருந்தது. டியூப் லைட் என்று சொல்லியிருக்கலாம். அடுக்கைப் பற்றி எனக்கும் சிவபாண்டி அண்ணனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. நானும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து, "வாங்க, காட்டுறேன்," என்றார்.

இருபது வருடத்தில் அந்த நடு அறைக்குள் தெருப் பெண்கள் போனது அன்றுதான். தொட்டிகளையும் பாட்டில்களையும் விளக்கையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் புதினாவைக் கிள்ளி முகர்ந்தார். இன்னொருவர், "மண்ணே இல்லாமயா? இதத் தின்னா ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டார். அக்கா கேட்கிற மாதிரிக் கேள்வியை அக்காவிடமே ஒருவர் கேட்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அக்கா விளக்கை அணைத்தார். வென்டிலேட்டரைக் காட்டினார்.

"நூறு கண்ணுக்கு அடைச்சேன். இந்த ஒண்ண விட்டுட்டேன். முத்து திறக்கல. என் லைட்டுதான்."

முத்துமீனா கையில் இருந்த சாவியை அலமாரி விளிம்பில் வைத்துவிட்டுப் பூக்கட்டப் போய்விட்டார்.

மாலையில் மொக்கையன் முடுக்கின் முனையில் நின்று முழுக்கதையையும் கேட்டார். "மருந்து ஏதும் பாரியில ஊத்தலையே?" என்று மூன்று முறை வேறு வேறு விதமாகக் கேட்டார். அக்கா மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னார். கடைசியில் தீர்ப்பு வந்தது. பாரி கிளம்பட்டும். தெரிந்து செய்த தப்பு இல்லை என்பதால் யாரையும் தடுக்க வேண்டாம். ஆனால் அடுத்த வருடம் இந்த வீட்டில் வைக்க வேண்டாம்.

"அப்புறம் ஒண்ணு. பச்சைப் பக்கத்தப் பின்னால பாக்க வச்சுத் தூக்குங்க. கண்மாய் வரைக்கும் கேக்குறவனுக்கெல்லாம் நின்னு விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது."

மாடக்குளம் கண்மாய்க்கு ஊர்வலம் கிளம்பியது. மேளம் முன்னால் போக, பெண்கள் சட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். முன்னால் இருந்து பார்த்தால் எல்லாச் சட்டியும் தாழம்பூ நிறம். ஒன்றைத் தவிர. மலையம்மாள் அக்கா தன் சட்டியைத் திருப்பி, பச்சையை முன்னால் வைத்திருந்தார்.

மொக்கையன் சைகை காட்டினார். அக்கா கவனிக்காததுபோல நடந்தார். கடைவீதியில் நின்று வேடிக்கை பார்த்த ஒரு பெண் குரல் கொடுத்தார்: "என்னத்தா, ஒம் பாரி மட்டும் பச்சையா இருக்கு?"

"என் வீட்டு லைட்டு பட்டுருச்சு," என்றார் அக்கா, நிற்காமல்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் வேறொருவர் கேட்டார். அதே பதில். பிள்ளையார் கோயில் பக்கம் மூன்றாவது ஆள், "காவலுக்கு நின்னவ திறந்துட்டாளோ?" என்றார்.

"அவ திறக்கல. என் வீட்டு லைட்டு."

அவருக்கு நேர் பின்னால் முத்துமீனா தன் சட்டியோடு நடந்துவந்தார். கதவைத் திறந்துவிட்டதற்குப் பிறகு அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவின் பின்கழுத்தையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தபடி வந்தார். இதிலும் ஏதாவது பொறி இருக்குமோ என்று பார்ப்பதுபோல இருந்தது அவர் பார்வை. கண்மாய்க் கரை தெரியும் வளைவில் அவர் நடையைக் கூட்டி, அக்காவுக்குப் பக்கத்தில் வந்தார்.

"சட்டிய நேராப் புடிங்க மதினி. சரியுது," என்றார்.

அது உண்மையிலேயே சரிகிறதா என்று மலையம்மாள் அக்கா ஒரு கையை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். சரிந்துதான் இருந்தது.